கல்லூரிக்கு லேப்டாப்: ஸ்டிக்கர் சொல்லாத கணக்கு

கவுன்சலிங் முடிந்து, கல்லூரிக் கட்டணம் கட்டி, ஹாஸ்டலுக்கு முன்பணமும் கொடுத்து, கையில் இருந்ததெல்லாம் கரைந்த பிறகு வந்து நிற்கும் செலவு லேப்டாப். கடைக்குப் போனால் இரண்டே கேள்விதான். "பட்ஜெட் எவ்வளவு சார்? பொண்ணு என்ன படிக்கப் போகுது?" இன்ஜினியரிங் என்றால் கை நேராக ஐ7 இருக்கும் பக்கம் போகும். பி.காம் என்றால் ஓரத்தில் அடுக்கியிருக்கும் மலிவு மாடலைக் காட்டுவார்கள். முதலாவதில் தேவைக்கு மேல் காசு போகும். இரண்டாவதில், இரண்டாம் வருஷமே இன்னொன்று வாங்க வேண்டி வரும்.

கலை, அறிவியல் படிப்பு மூன்று வருஷம், இன்ஜினியரிங் நாலு, ஆர்க்கிடெக்சர் ஐந்து. அதுவரை ஒரே லேப்டாப்தான் ஓட வேண்டும் என்று முடிவு செய்துவிட்டால் பார்க்கிற விதமே மாறிவிடும். ஃபைல்களைச் சேமித்து வைக்கும் எஸ்எஸ்டியைப் பிறகு மாற்றலாம். பேட்டரியை மாற்றலாம். பல மாடல்களில், திறந்து வைத்திருக்கும் வேலைகளைத் தாங்கும் தற்காலிக நினைவகமான ரேமும் கூட்டிக்கொள்ளலாம். எல்லா வேலையையும் செய்யும் மூளையான பிராசசரை மாற்ற முடியாது. திரையும் கீபோர்டும் உடைந்தால் மாற்றுவோமே தவிர, தரம் போதவில்லை என்று யாரும் மாற்றுவதில்லை. கூடுதல் ரேம் போட ஸ்லாட் உண்டா என்பதும் தொழிற்சாலையிலேயே முடிவான விஷயம். ஆகவே, அளந்து செலவழிக்க வேண்டியவர் பின்னால் மாற்ற முடியாததில் பணத்தைப் போட்டு, மாற்ற முடிவதில் மிச்சம் பிடிக்க வேண்டும். கடையில் நடப்பது பெரும்பாலும் தலைகீழ். 1 டிபி என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பதைப் பார்த்து வாங்குகிறோம், திரையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை.

ஐ3, ஐ5, ரைசன் 5: பெயருக்குள் என்ன இருக்கிறது

"ஐ5-ஆ பார்த்து வாங்குப்பா" என்று சொல்லாத மாமா எந்தக் குடும்பத்திலும் இல்லை. பத்து வருஷத்துக்கு முன் அது ஓரளவு சரியான யோசனைதான். இன்றைக்கு அந்த ஸ்டிக்கரை மட்டும் நம்பினால் ஏமாறுவோம்.

இன்டெலின் ஐ3, ஐ5-க்குப் போட்டியாக ஏஎம்டி நிறுவனம் விற்கும் ரைசன் பிராசசரை எடுத்துக்கொள்வோம். ரைசன் 5 7520யு என்று ஒன்று, ரைசன் 5 7530யு என்று ஒன்று. இரண்டிலும் ஒரே ஆரஞ்சு ஸ்டிக்கர், எண்ணில் பத்துதான் வித்தியாசம். ஆனால் 7520யு-வில் இருப்பது நாலு கோர் (பிராசசருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதி), அதுவும் 2019-இல் வந்த ஜென் 2 வடிவமைப்பு. 7530யு-வில் ஆறு கோர், அதற்கு அடுத்த தலைமுறையான ஜென் 3. இந்த 7000 வரிசையில் எண்ணைப் படிக்க ஒரு வழி இருக்கிறது. முதல் இலக்கம் மாடல் வருஷம், இரண்டாவது ரகம். மூன்றாவது இலக்கம்தான் உள்ளே இருக்கும் வடிவமைப்பு எந்தத் தலைமுறை என்று சொல்கிறது. 75'2'0 என்றால் ஜென் 2, 75'3'0 என்றால் ஜென் 3. மூன்றாவது இலக்கத்தைப் பார்க்கப் பழகிவிட்டால் புது எண்ணில் வரும் பழைய சரக்கு தானாகக் கண்ணில் படும். 7520யு-வோடு இன்னொரு வம்பும் உண்டு. அது ஏற்கிற ரேம், போர்டிலேயே சேர்த்துப் பற்றவைக்கிற ரகம் மட்டுமே. 8 ஜிபி-யோடு வாங்கினால் கடைசி வருஷம் வரைக்கும் 8 ஜிபிதான்.

இன்டெலிலும் கதை இதேதான். ஐ3-1215யு-வில் வேகமான பெரிய கோர் இரண்டு, மின்சாரம் மிச்சம் பிடிக்கும் சின்னக் கோர் நாலு. ஐ3-என்305-இல் எட்டுக் கோர் என்று போட்டிருக்கும், எட்டும் சின்னது. எட்டு ஆறைவிடப் பெரிதுதானே என்று நினைப்பது இயல்பு. ஆனால் ஒரு நேரத்தில் ஒரு வேலையை வேகமாக முடிக்க வேண்டிய இடத்தில், அதாவது எக்செல் ஃபைல் திறக்கும்போதும் பிரவுசர் பக்கம் மாறும்போதும், அந்த இரண்டு பெரிய கோர்தான் கைகொடுக்கும். ஐ3-1215யு, அதற்கு அடுத்து வந்த 1315யு இரண்டுமே கல்லூரிப் படிப்பின் பெரும்பகுதிக்குத் தாராளம். கொஞ்சம் கூடப் போட முடிந்தால் ஐ5-12450எச், ஐ5-13420எச் போன்றவற்றில் நாலு பெரிய கோர் கிடைக்கும். கடைசியில் வரும் எச், யு எழுத்துகளுக்கும் பொருள் உண்டு. எச் வேகம் கூடியது, மின்சாரமும் கூடக் குடிக்கும். யு சிக்கனமானது.

செலரான், என்100 வகையறா பற்றி ஒரு வார்த்தை. செலரான், பென்டியம் என்ற பெயர்களை இன்டெல் 2023-இல் லேப்டாப்பிலிருந்து எடுத்துவிட்டு வெறுமனே 'இன்டெல் பிராசசர்' என்று போட ஆரம்பித்தது. என்100 அந்த வகைதான். நாலும் சின்னக் கோர். பிடிஎஃப் படிக்க, நோட்ஸ் டைப் செய்ய, ஆன்லைன் வகுப்பு கேட்கப் போதும். ஆனால் 2019-இல் வந்த இரண்டு கோர் செலரான் என்4020-ஐ 4 ஜிபி ரேமோடு 'மாணவர் லேப்டாப்' என்று இன்னமும் யாராவது நீட்டினால், விலை எவ்வளவு இறங்கினாலும் வாங்க வேண்டாம். அதில் வீடியோ வகுப்பு ஒரு பக்கம், வேர்டு ஒரு பக்கம் என்று திறந்தாலே திணறும்.

ரேமும் எஸ்எஸ்டியும்

விண்டோஸ் 11-க்குக் குறைந்தது 4 ஜிபி ரேம் போதும் என்கிறது மைக்ரோசாஃப்ட். ஓடும், அவ்வளவுதான். உண்மையில் 8 ஜிபிதான் தொடக்கம். அதிலும் தனி கிராஃபிக்ஸ் இல்லாத லேப்டாப்பில் திரைக்கென்று ஒரு பங்கைப் பிடித்து வைத்துக்கொள்ளும், செட்டிங்ஸில் போய்ப் பார்த்தால் பயன்படுத்தக் கிடைப்பது 7 சொச்சம் என்று காட்டும். விண்டோஸும் ஆன்டிவைரஸும் சேர்ந்து மீதியில் பாதியை எடுத்துக்கொள்ள, குரோமில் இருபது டேப் திறந்து வைக்கும் பிள்ளைக்கு எஞ்சுவது கொஞ்சம்தான். கம்ப்யூட்டர் சயின்ஸ் படிப்பவர்களுக்கு இன்னும் நெருக்கடி. ஃபோன் ஆப் எழுதப் பயன்படும் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவை எமுலேட்டரோடு (திரையிலேயே ஒரு போலி ஃபோன்) ஓட்டுவதற்கு 16 ஜிபி வேண்டும் என்று கூகுளே சொல்லியிருக்கிறது.

8 ஜிபி-யோடு வாங்கி, பிறகு 8 சேர்த்துக்கொள்ளலாம் என்பது ரொம்ப நாளாகச் சொல்லப்பட்டு வந்த சிக்கன யோசனை. அதற்கு ஸ்லாட் இருக்க வேண்டும். மாடல் பெயரைப் போட்டு நிறுவனத்தின் தளத்திலேயே பார்த்தால், ரேம் பற்றவைத்ததா, ஸ்லாட்டில் செருகியதா, ஒன்று காலியாக இருக்கிறதா என்று எழுதியிருப்பார்கள். எல்பிடிடிஆர் என்று ஆரம்பிக்கும் ரேம் என்றால் பெரும்பாலும் பற்றவைத்ததுதான்.

ஆனால் 2025 கடைசியிலிருந்து இந்தக் கணக்கு கொஞ்சம் குழம்பிப்போயிருக்கிறது. ஏஐ டேட்டா சென்டர்களுக்காக மெமரி சிப்களை மொத்தமாக வாங்கிக் குவிக்க ஆரம்பித்ததால் ரேம் விலை எகிறியது. மைக்ரான் நிறுவனம் க்ரூஷியல் என்ற பெயரில் நாம் கடையில் வாங்கிக்கொண்டிருந்த ரேம், எஸ்எஸ்டி வியாபாரத்தையே விட்டு விலகுவதாக 2025 டிசம்பரில் அறிவித்துவிட்டது. பெரிய வாடிக்கையாளர் வாசலில் நிற்கும்போது நம்மைப் போன்ற சில்லறைக்காரர்களை யார் கவனிப்பார்கள்? அதனால் 16 ஜிபி கட்டாயம் தேவைப்படும் படிப்பு என்றால், 8 ஜிபி மாடலுக்கும் 16 ஜிபி மாடலுக்கும் உள்ள விலை வித்தியாசத்தையும், தனியாக 8 ஜிபி வாங்கிப் போட்டால் ஆகும் செலவையும் அன்றைக்கு அன்றைய விலையில் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பழைய யூடியூப் வீடியோ சொல்லும் விலையை வைத்து முடிவெடுக்க முடியாது.

எஸ்எஸ்டி விஷயத்தில் ரொம்ப யோசிக்கத் தேவையில்லை. 512 ஜிபி இருந்தால் நல்லது, 256-இலும் காலம் தள்ளலாம். 256 வாங்கிவிட்டு உள்ளே 238 என்று காட்டுகிறதே என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம், அது எண்ணும் முறையில் வரும் வித்தியாசம். பார்த்துத் தவிர்க்க வேண்டியது இஎம்எம்சி என்று போட்டிருப்பதை. அது மலிவு ஃபோன்களில் இருக்கும் வகைச் சேமிப்பு, போர்டில் ஒட்டியே வரும், வேகமும் குறைவு.

யாரும் கேட்காத திரை

ஒரு மாணவர் லேப்டாப்பில் நாலு வருஷம் செய்யும் வேலை எது என்று கேட்டால், படிப்பதுதான். ஸ்கேன் செய்த நோட்ஸ், பவர்பாயிண்ட், பழைய கேள்வித்தாள், பாதி இருட்டில் எடுத்த கரும்பலகைப் படம். அதற்கு வேண்டியது நல்ல திரை. 1366க்கு 768 என்ற பழைய அளவை இன்றைக்கு வாங்கவே கூடாது. 1920க்கு 1080 இருந்தால்தான் இடப்பக்கம் பிடிஎஃப், வலப்பக்கம் வேர்டு என்று வைத்து எழுத முடியும். அடுத்து ஐபிஎஸ் பேனலா என்று கேட்கலாம். கேட்காமலேயே கண்டுபிடிக்கவும் வழி உண்டு. கடையில் திரையை மெதுவாகப் பின்னுக்குச் சாய்த்துப் பாருங்கள். படம் வெளிறி, கறுப்பு இடங்கள் சாம்பலாகி, நிறம் தலைகீழாக மாறினால் அது டிஎன் பேனல். ஐபிஎஸ் என்றால் எந்தக் கோணத்திலும் படம் படமாகவே இருக்கும். மலிவு மாடல்களில் வெளிச்சம் 250 நிட்ஸ் இருப்பது வழக்கம். ஹாஸ்டல் அறைக்குப் போதும், ஜன்னலோரம் பகலில் உட்கார்ந்தால் முகம்தான் தெரியும்.

அப்படியே கீபோர்டில் ஒரு பத்தி டைப் செய்து பாருங்கள். கடைக்காரர் ஒன்றும் சொல்ல மாட்டார். தமிழ் இலக்கியம் படிக்கிறவர்கள் இதற்காகத் தனியாக ஒன்றும் வாங்க வேண்டியதில்லை, தமிழ்99 விசைப்பலகை விண்டோஸிலேயே இருக்கிறது.

எடையையும் சொல்லிவிடுகிறேன். 15.6 அங்குலச் சாதாரண லேப்டாப் ஒன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். கேமிங் லேப்டாப் இரண்டு கிலோவைத் தாண்டிவிடும், அதன் சார்ஜர் தனி மூட்டை. தினமும் நின்றுகொண்டே பஸ்ஸில் போய்வருகிற பிள்ளைக்கு அந்த வித்தியாசம் முதல் வாரத்திலேயே தோளில் தெரியும்.

எந்தப் படிப்புக்கு எது

வணிகவியல் என்றால் டேலி என்ற கணக்கு மென்பொருள் ஓட வேண்டும். டேலிபிரைம் விண்டோஸுக்கானது, கனமானதும் இல்லை. ஐ3, 8 ஜிபி போதும். இலக்கியம், வரலாறு, சட்டம் எல்லாவற்றுக்கும் அதே. கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு 16 ஜிபி ரேம்தான் முக்கியம், தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லை. 'ஏஐ அண்ட் டேட்டா சயின்ஸ்' பிரிவில் சேர்ந்துவிட்டான், என்விடியா கார்டு வேண்டாமா என்று பெற்றோர் பதறுகிறார்கள். மலிவு கேமிங் லேப்டாப்பில் வரும் 4 ஜிபி கார்டில் பெரிய மாடல் எதையும் பயிற்றுவிக்க முடியாது. பாடத்துக்கான பயிற்சியை, பிரவுசர் வழியே கூகுளின் கம்ப்யூட்டரில் ஓடும் கூகுள் கோலாபில் இலவசமாகவே செய்துகொள்ளலாம்.

மெக்கானிக்கல், சிவில் மாணவர்கள் ஆட்டோகேட் கற்க வேண்டும். கல்லூரி மாணவர் என்று நிரூபித்தால் ஆட்டோடெஸ்க் அதை இலவசமாகவே தருகிறது, வருஷா வருஷம் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். முதலிரண்டு வருஷ வரைபடங்களுக்குச் சாதாரண லேப்டாப்பே ஈடுகொடுக்கும். ஆன்சிஸ், சாலிட்வொர்க்ஸ் போன்ற கனமான வேலைகளுக்குக் கல்லூரி லேப் இருக்கிறது. தனி கிராஃபிக்ஸ் கார்டுக்குக் காசு கொடுப்பது உண்மையிலேயே நியாயமாகிற இடம் ஆர்க்கிடெக்சரும் அனிமேஷனும்தான். அங்கே கட்டடத்தை முப்பரிமாணத்தில் வரைந்து, வெளிச்சம் போட்டுக் காட்ட வேண்டும். அதற்கு வெறும் ஐ3 வாங்கிக் கொடுத்தால் பிள்ளை ஒவ்வொரு ஜூரிக்கு (ஆசிரியர்கள் முன் வடிவமைப்பைக் காட்டும் மதிப்பீடு) முன்பும் நண்பன் லேப்டாப்புக்காகக் காத்திருக்க வேண்டியதுதான்.

பழைய எம்1 மேக்புக் ஏர் தள்ளுபடியில் வரும்போது ஆசை வரும். பேட்டரியில் அதை மிஞ்சும் மலிவு விண்டோஸ் லேப்டாப் அரிது. ஆனால் சாலிட்வொர்க்ஸ், ரெவிட் இரண்டும் மேக்கில் நேராக ஓடாது, ரேமைக் கூட்டவும் வழியில்லை. ஸ்நாப்டிராகன் பிராசசரோடு வரும் விண்டோஸ் லேப்டாப்பிலும் பழைய மென்பொருள், லேப் கருவிகளின் டிரைவர் சில தகராறு செய்யும். வாங்குமுன் சீனியர் ஒருவரிடம் கேட்டுவிடுவது நல்லது.

ரிச்சி தெரு வழி

புதிது வாங்கும் காசில் பாதிதான் இருக்கிறது என்றால்? செலரான் புதிதை விட, நல்ல பழையது மேல். இதை நான் தயங்காமல் சொல்வேன்.

ஐடி நிறுவனங்கள் ஊழியர்களுக்குக் கொடுக்கும் லேப்டாப்பைச் சில வருஷத்துக்கு ஒருமுறை மொத்தமாக மாற்றுகின்றன. அப்படிக் கழிக்கப்பட்ட திங்க்பேட், லாட்டிட்யூட், எலீட்புக் எல்லாம் மொத்த வியாபாரிகள் கைமாறி, சென்னை அண்ணா சாலை பக்கத்து ரிச்சி தெருவிலும், மற்ற ஊர்களில் ரீஃபர்பிஷ்டு கடைகளிலும் வந்து சேர்கின்றன. இவை அலுவலகத்தில் தினமும் அடிபடுவதற்கென்றே செய்யப்பட்டவை. கீபோர்டு நன்றாக இருக்கும், பின்பக்க மூடியைத் திறப்பது சுலபம், உதிரிபாகம் தாராளமாகக் கிடைக்கும்.

இங்கே ஒரு கோடு கிழித்துக்கொள்ள வேண்டும்: இன்டெல் எட்டாம் தலைமுறை. விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-ஐ முறையாக ஏற்பது, சில விதிவிலக்கு தவிர, எட்டாம் தலைமுறையும் அதற்குப் பிந்தியவையும்தான். தற்செயலாக, இந்த யு ரக ஐ5-இல் கோர் எண்ணிக்கை இரண்டிலிருந்து நாலானதும் அதே தலைமுறையில்தான். ஆக ஏழாம் தலைமுறையில் நின்றுவிட்டால் கோரும் பாதி, அப்டேட்டும் இல்லை. கடைகளில் ஆறும் ஏழும் குவிந்து கிடப்பதும், விலை ஆசைகாட்டுவதும் இதனால்தான்.

மாடல் பெயரை மட்டும் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. திங்க்பேட் டி480 என்று தேடிப் போகிறவர்கள் நிறைய பேர். ரேம் ஸ்லாட் இரண்டு, கழற்றி மாட்டும் பேட்டரி என்று அதற்கு ஒரு ரசிகர் கூட்டமே உண்டு. ஆனால் அதே டி480, ஏழாம் தலைமுறை ஐ5-7300யு-வோடும் விற்கப்பட்டிருக்கிறது. செட்டிங்ஸில் பிராசசர் எண் 8250 அல்லது 8350 என்று இருக்கிறதா பாருங்கள். கொஞ்சம் கூடப் போட முடிந்தால் பதினோராம் தலைமுறை லாட்டிட்யூட் 5420 மாதிரி ஒன்று இன்னும் நிறைய நாள் தாக்குப்பிடிக்கும்.

கடையில் பார்க்க வேண்டியவை உண்டு, அவசரப்படாமல் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். விண்டோஸை ரீசெட் செய்து, ஃபோன் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து, முதன்முதலாக ஆன் செய்யும்போது வரும் படிகளை முழுதாக நம் கண்முன் ஓட்டச் சொல்ல வேண்டும். நடுவில் ஏதோ ஒரு கம்பெனியின் பெயர் போட்டு, அங்கத்திய மெயில் ஐடியைக் கேட்டால் அந்த லேப்டாப் இன்னும் அவர்கள் பட்டியலிலிருந்து நீக்கப்படவில்லை என்று பொருள். திரும்ப வைத்துவிட்டு அடுத்ததைப் பார்க்கலாம். பயாஸுக்குள் (விண்டோஸுக்கு முன் ஓடும் அடிப்படை அமைப்புத் திரை) பாஸ்வேர்டு இல்லாமல் நுழைய முடிகிறதா என்றும் பார்க்க வேண்டும். பிறகு பேட்டரி. பேட்டரி ரிப்போர்ட் எடுக்கும் கட்டளை விண்டோஸிலேயே இருக்கிறது. அதில் ஆதியில் இருந்த கொள்ளளவு, இப்போது முழு சார்ஜில் நிற்கும் கொள்ளளவு என்று இரண்டு எண் வரும். இரண்டாவது முதலாவதில் அறுபது சதவீதத்துக்குக் கீழே இருந்தால், புதுப் பேட்டரியின் விலையைக் கழித்துக்கொண்டு பேரம் பேசலாம். எழுபது, எண்பது இருந்தால் நல்லது. திரையை முழு வெள்ளையாக்கிக் கறை இருக்கிறதா பார்த்து, எல்லா யுஎஸ்பி துளையிலும் பென் டிரைவ் செருகி, கேமராவையும் மைக்கையும் ஒருதரம் ஓட்டிப் பார்த்துவிட்டு, வாரன்ட்டி காலத்தைப் பில்லிலேயே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். வாய் வார்த்தை வேண்டாம்.

பணம் எங்கிருந்து

தமிழ்நாட்டில் 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம் சில வருஷம் நின்றுபோய், 2025-26 பட்ஜெட்டில் இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு என்று மறுபடியும் அறிவிக்கப்பட்டது. கொடுப்பதற்குத் தேர்வான லேப்டாப் ஐ3 அல்லது ரைசன் 3, 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி. பொதுவான படிப்புக்கு இந்த அளவு போதும். உங்கள் கல்லூரியில் இந்த வருஷம் யார் யாருக்குக் கிடைக்கும் என்று அலுவலகத்தில் கேட்டுவிட்டு அப்புறம் கடைக்குப் போகலாம்.

கல்விக்கடன் எடுக்கிறவர்களில் பலருக்குத் தெரியாத விஷயம்: இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக்கடன் திட்டத்தில், படிப்பை முடிக்கத் தேவைப்பட்டால் நியாயமான விலையில் கம்ப்யூட்டர் வாங்கும் செலவும் அடக்கம். ஆனால் கடன் ஒப்புதலாகும் முன்பே செலவு மதிப்பீட்டில் அதைச் சேர்த்துக் கொடுக்க வேண்டும். பிறகு போய்க் கேட்டால் அலைக்கழிப்பார்கள்.

'நோ காஸ்ட் இஎம்ஐ' முழுக்க இலவசம் இல்லை. வங்கி வட்டி போடத்தான் செய்கிறது. அந்த வட்டித் தொகையைக் கடைக்காரர் முன்கூட்டியே விலையில் கழித்துவிடுகிறார். ஆனால் வட்டி மீதான 18 சதவீத ஜிஎஸ்டியும், வங்கியின் பிராசசிங் கட்டணமும் நம் தலையில்தான். பெரிய தொகை இல்லை, தெரிந்துகொண்டு எடுத்தால் சரி. அதைவிட முக்கியம், இஎம்ஐ-இல் வாங்கினால் ரொக்கத் தள்ளுபடி போய்விடுகிறதா என்று கேட்பது.

எம்எஸ் ஆஃபீஸுக்குத் தனியாகப் பணம் கொடுக்கும் முன், கல்லூரி மெயில் ஐடி வரும்வரை காத்திருங்கள். பல கல்லூரிகளில் அதை வைத்தே ஆஃபீஸ் கிடைத்துவிடும். விண்டோஸ் இல்லாத டாஸ் லேப்டாப் மலிவாகக் கிடைத்து, வீட்டில் லினக்ஸ் தெரிந்தவர் இருந்தால் தாராளமாக வாங்கலாம். இல்லையென்றால் கடைக்காரர் 'ஃப்ரீயா போட்டுத் தரேன் சார்' என்று போட்டுக் கொடுக்கும் திருட்டு விண்டோஸோடுதான் வீட்டுக்கு வரும்.

ஆன்லைனில் வாங்கினால், பெட்டியைப் பிரிப்பதை வீடியோ எடுத்துக்கொண்டு, அன்றைக்கே அடியில் இருக்கும் சீரியல் எண்ணை நிறுவனத்தின் தளத்தில் போட்டு வாரன்ட்டி எந்தத் தேதியிலிருந்து ஓடுகிறது என்று பாருங்கள். கிடங்கில் கிடந்த சரக்கு என்றால் வாரன்ட்டி சில மாதம் முன்பே தொடங்கியிருக்கும். பில்லை அனுப்பினால் திருத்திக் கொடுப்பார்கள். மாற்றித் தரும் கெடு பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாள்தான். ஹாஸ்டலுக்குக் கிளம்புகிற அன்று பிரிக்கலாம் என்று பெட்டியை பீரோ மேல் வைத்துவிட்டால், அந்தக் கெடு அங்கேயே முடிந்துவிடும்.